பதினெட்டைக் கடந்தவர்களை வளரவிடுங்கள்: கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும்,

வணக்கம். பொறியியல், கலை அறிவியல், செவிலியர், பாலிடெக்னிக் என்று நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாகக் கல்லூரிகள் நிற்கும் நாமக்கல் மாவட்டத்தில் பொது மருத்துவராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும் பங்கு உங்கள் விடுதிப் பிள்ளைகள்தான். காய்ச்சல், வயிற்றுவலி, தலைசுற்றல், தூக்கமின்மை, மாதவிடாய்க் கோளாறு, பரீட்சை நெருங்கும்போது வருகிற நெஞ்சுப் படபடப்பு. இவற்றுக்கெல்லாம் மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். மருந்துச் சீட்டில் எழுத முடியாத ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதினெட்டு வயதோடு வளர்ச்சி முடிந்துவிட்டது, இனி படிப்பும் வேலையும்தான் மிச்சம் என்ற எண்ணம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. உயரம் நின்றுவிடுவதால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் 18 முதல் 25 வரையிலான காலம் உடம்பும் மூளையும் மனமும் கடைசிக் கட்ட வேலையை முடிக்கிற காலம். அந்த வேலை நடக்க நல்ல உணவும் தூக்கமும் வேண்டும். சொந்தமாக முடிவெடுத்துப் பழக இடமும் வேண்டும். உங்கள் விடுதிகளும் விதிகளும் முதல் இரண்டில் பாதியைத்தான் தருகின்றன, மூன்றாவதை அடியோடு மறுக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் உடம்பு. காறை எலும்பு மார்பெலும்போடு சேர்கிற உள்முனை பலருக்கு இருபதுகளின் நடுவிலும், சிலருக்கு இருபதுகளின் கடைசியிலும்தான் முழுதாக இணைகிறது. வயதைக் கணிக்க வேண்டிய வழக்குகளில் தடயவியல் மருத்துவர்கள் அந்த முனையைப் படமெடுத்துப் பார்ப்பது இதனால்தான். எலும்பின் மொத்த அடர்த்தியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இருபது வயதுக்குள் சேர்ந்துவிடும். மிச்சம் இருபதுகளின் இறுதி வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். அதற்குப் பிறகு சேமிப்பு கிடையாது, செலவு மட்டும்தான். அறுபது வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிற அம்மாக்களுக்கு வைத்தியம் பார்க்கும்போதெல்லாம், இருபது வயதில் இவர்கள் என்ன சாப்பிட்டார்கள், வெயிலில் நின்றார்களா, ஓடினார்களா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. உங்கள் பெண்கள் விடுதியில் பாதிப் பேர் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதே புத்திசாலித்தனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வயதுவந்த பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்தும், ஆணுக்கு 19 மில்லிகிராமும் பரிந்துரைக்கிறது. காலையில் வெண்பொங்கல், மதியம் தண்ணீர்ச் சாம்பார், இரவு மைதா பரோட்டாவோ சப்பாத்தி குருமாவோ, நடுநடுவே டீ என்று ஓடுகிற மெஸ்ஸில் இந்த அளவு வரவே வராது. சாப்பாட்டோடு டீ குடித்தால், வருகிற கொஞ்சத்தையும் உடம்பு உறிஞ்ச முடியாமல் போகிறது. முட்டைக்குப் பேர்போன மாவட்டத்தில் இருக்கிறோம். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை சத்துணவில் பள்ளி நாட்களில் தினமும் முட்டை சாப்பிட்ட பெண், ஆண்டுக்குப் பல ஆயிரம் ரூபாய் மெஸ் கட்டணம் கட்டுகிற விடுதிக்கு வந்தபின் வாரத்துக்கு ஒரு முட்டையைப் பார்க்கிறாள். கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரைப் பொரியல், சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதிலாகக் கொண்டைக்கடலைச் சுண்டலும் நிலக்கடலையும், சாப்பாட்டுத் தட்டில் ஒரு எலுமிச்சைத் துண்டு. மெஸ் காண்ட்ராக்டரிடம் இதைச் சொல்ல உங்களால் முடியும், என்னால் முடியாது.

போன செமஸ்டரில் ஒரு காலை, ஆய்வகத்தில் மயங்கி விழுந்த இருபது வயதுப் பெண்ணை அழைத்து வந்தார்கள். கூடவே வார்டன். "காலைல என்ன சாப்ட்ட கண்ணு?" என்று அவளைக் கேட்டேன். "இன்னிக்கு இட்லிங்க மேடம்" என்றார் வார்டன். "பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?" என்றேன். அவள் வார்டன் முகத்தைப் பார்த்தாள். "அதெல்லாம் கரெக்டா வருதுங்க மேடம்" என்று அதற்கும் அவரே பதில் சொன்னார். கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னேன். கதவு சாத்தியதும்தான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக மாதாமாதம் எட்டு ஒன்பது நாள் கட்டி கட்டியாகப் போகிறது. யாரிடமும் சொல்லவில்லை. ஏழரை மணி மெஸ் வரிசையில் நின்றால் முதல் வகுப்புக்கு நேரமாகிவிடும் என்று பல நாள் டீயோடு சரி. ஹீமோகுளோபின் பன்னிரண்டாவது இருக்க வேண்டிய இடத்தில் எட்டைத் தாண்டவில்லை. பரிசோதனைகள் சொல்லி, மாத்திரை எழுதி, சீட்டை அவள் கையில் கொடுத்தேன். வெளியே வந்ததும் வார்டன் அதை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். "நாங்களே குடுத்துக்கறமுங்க மேடம். இதுங்க ஒழுங்கா போடாதுங்க."

அந்த வார்டன் நல்ல மனுஷி. இரவு ஒரு மணிக்குக் காய்ச்சல் என்றாலும் ஆட்டோ பிடித்துப் பிள்ளையைத் தோளில் சாய்த்துக் கூட்டி வருகிறவர். அவரைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. ஆனால் தன் உடம்பைப் பற்றித் தானே பேசவும், தன் மாத்திரையைத் தானே எண்ணிப் போடவும் இருபது வயதில் பழகாத பெண் எப்போது பழகுவாள்? இரண்டு வருஷத்தில் அவளுக்குக் கல்யாணம் பேசுவார்கள். மூன்று வருஷத்தில் என்னைப் போன்ற ஒரு மருத்துவர் முன் கர்ப்பிணியாக உட்கார்ந்திருப்பாள். அப்போதும் மாமியார் பதில் சொல்வார், கணவர் பதில் சொல்வார். சட்டப்படி ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்குக்கூட என் மேசையில் இருக்கும் சம்மதப் படிவத்தில் அவள் கையெழுத்துதான் செல்லும். 1875 ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டப்படி வயதுவந்தவர் என்றால் 18 நிறைந்தவர். அரசியல் சட்டத்தின் 61 ஆவது திருத்தத்தால் 1989 இலிருந்து ஓட்டுரிமையும் 18 வயதுக்கு வந்துவிட்டது. முதலமைச்சரையும் பிரதமரையும் தேர்ந்தெடுக்கிற கையால், பல் டாக்டரிடம் போக ஓர் அவுட்பாஸ் வாங்க முடிவதில்லை.

அவுட்பாஸ் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பல விடுதிகளில் இப்போது பிள்ளை வெளியே போக வேண்டுமென்றால் அப்பாவின் கைபேசிக்கு ஓடிபி போகிறது. அவர் அந்த எண்ணைச் சொன்னால்தான் கேட் திறக்கும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் நிற்கிற அப்பாவுக்குத் தறிச் சத்தத்தில் போன் அடிப்பதே கேட்காது. லாரி ஓட்டுகிற அப்பா குஜராத் எல்லையில் சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பார். கன்னம் வீங்கிப்போய் வந்த ஒரு மூன்றாம் ஆண்டு மாணவன், காலையில் ஆரம்பித்த வலிக்குச் சாயங்காலம்தான் என்னிடம் வர முடிந்தது. ஷிஃப்ட் முடிந்து அப்பா போனைப் பார்த்த பிறகுதான் ஓடிபி வந்ததாம். அவனுக்கு வயது இருபத்தொன்று.

இனி மூளை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிதான் திட்டமிடுதல், பின்விளைவை யோசித்தல், கோபத்தையும் ஆசையையும் பிடித்து நிறுத்துதல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறது. மூளையில் கடைசியாக முதிர்கிற பகுதிகளில் அதுவும் ஒன்று. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1990களிலிருந்து அதே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப எம்ஆர்ஐயில் படமெடுத்துப் பார்த்ததில் இது தெளிவானது. பயன்படுகிற நரம்பிணைப்புகள் வலுப்பட்டு, அவற்றின்மேல் மயலின் என்ற கொழுப்பு உறை ஏறி, சமிக்ஞைகள் வேகமாகப் போகத் தொடங்குகின்றன; பயன்படாதவை கழிந்துபோகின்றன. இருபதுகளின் நடுப்பகுதி வரை இது நடக்கிறது. 25 என்பது ஏதோ சுவிட்சைப் போட்ட மாதிரி மூளை முடிந்துவிடும் வயது என்று பலரும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அப்படியொரு கோடு கிடையாது. ஆளுக்கு ஆள் வேறுபடும், மாற்றம் அதற்குப் பிறகும் தொடரும்.

இதைப் படித்ததும் உங்களில் சிலர், "நாங்களும் அதைத்தானே சொல்கிறோம், மூளை முதிராத பிள்ளைகள், அதனால்தான் கட்டுப்பாடு" என்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

லாரன்ஸ் ஸ்டைன்பர்க் என்ற உளவியலாளரும் மார்கோ கார்ட்னரும் 2005 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 13 முதல் 16 வயதினர், 18 முதல் 22 வயதினர், 24 வயதுக்கு மேற்பட்டவர்கள் என்று மூன்று குழு. எல்லோருக்கும் கணினியில் ஒரு கார் ஓட்டும் விளையாட்டு. எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்று பார்ப்பது. நண்பர்கள் பக்கத்தில் நின்று பார்க்கும்போது இளையவர்களின் துணிச்சல் எகிறியது. பெரியவர்களிடம் அந்த அளவுக்கு மாற்றம் இல்லை. நிதானமாக உட்கார்ந்து யோசிக்கிற அறிவு பதினாறு வயதிலேயே பெரியவர்களுக்குச் சமமாக வந்துவிடுகிறது என்றும், உணர்ச்சி கொதிக்கும்போதும் கூட்டாளிகள் பார்க்கும்போதும் அந்த அறிவைக் கையாளும் திறன்தான் தாமதமாக வருகிறது என்றும் ஸ்டைன்பர்க் தொடர்ந்து எழுதிவருகிறார். செமஸ்டர் முடிந்த நாளில் மூன்று பேராக பைக்கில் கிளம்பி, கால் உடைந்து என்னிடம் வருகிற பையன்களைப் பார்க்கும்போது அந்த ஆய்வு எனக்கு ஞாபகத்துக்கு வரும். அவர்களுக்கு ஹெல்மெட் பற்றித் தெரியாமல் இல்லை. பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்து "முறுக்குடா மாப்ள" என்று கத்தும்போது "மாட்டேன்" என்று சொல்லிப் பழகவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வராது. நான்கு வருஷம் எப்போது எழ வேண்டும், எப்போது படிக்க வேண்டும், யாரோடு பேச வேண்டும், எந்த வாயில் வழியாக நுழைய வேண்டும் என்று எல்லாவற்றையும் வார்டனும் துறைத் தலைவரும் முடிவு செய்துவிட்டால், முடிவெடுக்கும் இணைப்புகளுக்கு வேலையே இல்லை. பயன்படுவது வலுப்பெறும் என்பதுதான் அந்த எம்ஆர்ஐ படங்கள் சொல்லும் சேதி. முதிராத மூளை என்பது கட்டுப்பாட்டுக்கு நீங்கள் காட்டும் காரணம். அதே முதிராமைதான் பயிற்சிக்கு நான் காட்டும் காரணம். தவறினாலும் பெரிய சேதம் இல்லாத இடத்தில், திரும்பிக் கேட்க ஆள் இருக்கிற இடத்தில், பிள்ளைகள் முடிவெடுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட இடம் வீட்டுக்கு அடுத்தபடியாகக் கல்லூரி விடுதிதான். நீங்கள் பூட்டி வைத்த பெண், ஜூன் மாதம் படிப்பு முடிந்து ஜூலையில் ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ நைட் ஷிஃப்ட்டில் நிற்கிறாள். சாயங்காலம் ஆறு மணி ரோல் காலுக்கும் இரவு பத்து மணி ஷிஃப்ட் பேருந்துக்கும் நடுவே அவளுக்கு நாம் கொடுத்த அவகாசம் ஒரு மாதம்.

வகுப்பறையிலும் இதே கதைதான். ஹார்வர்டில் மாணவர் ஆலோசகராக இருந்த வில்லியம் பெர்ரி, 1950களிலும் 60களிலும் மாணவர்களை அவர்களுடைய நான்கு ஆண்டுப் படிப்பு நெடுகப் பேட்டி கண்டு, 1970 இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். முதலாண்டில் வருகிறவர்களில் பலருக்கு எல்லாக் கேள்விக்கும் ஒரே சரியான விடை உண்டு, அது ஆசிரியரிடம் இருக்கிறது, அதை வாங்கிக்கொள்வதுதான் படிப்பு. பிறகு பெரியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடுவதைப் பார்த்து, "அவரவர்க்கு அவரவர் கருத்து" என்ற நிலைக்கு வருகிறார்கள். அதற்கும் பிறகுதான் எந்தக் கருத்துக்கு என்ன ஆதாரம் என்று எடைபோடவும், இது உறுதியில்லைதான், ஆனாலும் இதைத்தான் நான் ஏற்கிறேன் என்று பொறுப்போடு நிற்கவும் பழகுகிறார்கள். அவர் பேசியது பெரும்பாலும் வசதியான வீட்டு அமெரிக்க ஆண் பிள்ளைகளிடம். இருந்தாலும் நம் பிள்ளைகளிடமும் முதல் படியை நான் தினமும் பார்க்கிறேன். இந்த மாத்திரை வேண்டுமா, உணவில் சரிசெய்து மூன்று மாதம் பார்க்கலாமா என்று இரண்டு வழிகளைச் சொன்னால், "நீங்களே சொல்லிடுங்க டாக்டர்" என்கிறார்கள். டூ மார்க்குக்கு ஒரு நோட்ஸ், பெரிய கேள்விக்கு ஒரு நோட்ஸ், கொஸ்டின் பேங்க், அதிலிருந்து இன்டர்னல் என்று நான்கு வருஷம் ஓட்டினால் முதல் படியிலேயே பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடலாம். வகுப்பில் ஆசிரியரை மறுத்துப் பேசினால் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்களோ என்ற பயம் இருக்கும் இடத்தில் அடுத்த படிக்கு யாரும் ஏற மாட்டார்கள்.

மூன்றாவது, மனிதரோடு மனிதர் பழகுதல். இதில்தான் எனக்கு மனவருத்தம் அதிகம்.

இளமைப் பருவத்தின் முக்கிய வேலை இன்னொருவரோடு நெருங்கிப் பழகத் தெரிந்துகொள்வது, அது தவறினால் தனிமைதான் மிஞ்சும் என்றார் உளவியலாளர் எரிக் எரிக்சன். அவர் சொன்ன நெருக்கம் காதல் மட்டும் அல்ல. நட்பு, சண்டை போட்டுச் சமாதானமாவது, தன்னை இழக்காமல் மற்றவருக்கு இடம் கொடுப்பது எல்லாம் அதில் சேரும். இன்னொரு உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000 இல், 18 முதல் 25 வரையிலான ஆண்டுகளை முழுமையாகப் பெரியவரும் அல்லாத, விடலையும் அல்லாத தனிப் பருவம் என்று வரையறுத்தார். அது மேலை நாட்டு வசதிகளை வைத்துப் பார்த்த பார்வை என்ற விமர்சனத்தை நான் ஏற்கிறேன். நம் ஊரில் இருபத்திரண்டு வயதுப் பையன் தன்னைத் தேடிக்கொண்டு நிற்பதில்லை. தங்கை படிப்பு, வீட்டுக் கடன், அப்பாவின் சர்க்கரை நோய் மாத்திரை எல்லாம் அவன் முதல் மாதச் சம்பளத்துக்காகக் காத்திருக்கின்றன. குடும்பத்தைப் பிரிந்து போவதைவிடக் குடும்பத்தைத் தாங்குவதுதான் இங்கே பெரியவன் ஆனதற்கு அடையாளம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் தாங்குகிறவனுக்குத்தான் பேசத் தெரிய வேண்டும், மறுக்கத் தெரிய வேண்டும், உதவி கேட்கத் தெரிய வேண்டும்.

உங்கள் வளாகங்களில் என்ன நடக்கிறது? கல்லூரிப் பேருந்தில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். வகுப்பில் இடையே ஒரு வரிசை காலி. கேன்டீனில் தனி நேரம். ஒரு பையனும் பெண்ணும் படிக்கட்டில் நின்று பேசினால் ஐடி கார்டு பிடுங்கப்படும், பெற்றோர் வரவழைக்கப்படுவார்கள், மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கப்படும். மூன்று வருஷம் இப்படி நடத்திவிட்டு, இறுதியாண்டில் கேம்பஸ் இன்டர்வியூ வரும்போது வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்து, குழு உரையாடல் எப்படிச் செய்வது, கண்ணைப் பார்த்துப் பேசுவது எப்படி என்று இரண்டு நாள் வகுப்பு எடுக்கிறீர்கள். பேசினால் தண்டனை என்று பழக்கிய பிள்ளைகளிடம் பேச்சைக் கேட்கிறீர்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலில், உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த ஓமலூர் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். பொறியியல் முடித்த, இருபத்தொரு வயதுத் தலித் இளைஞர். 2022 இல் மதுரை நீதிமன்றம் கொலையாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றமும் அவர்களில் பெரும்பாலோருக்கு அதை உறுதி செய்தது. அந்தச் செய்தி வந்த வாரங்களில் இந்த வட்டாரத்துக் கல்லூரிகளில் நிலவிய அச்சத்தை என்னால் மறக்க முடியாது. பெற்றோர் எதைக் கேட்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். "படிப்பு வராட்டியும் பரவால்லீங்க, சாதி மாறிப் போயிடக் கூடாது" என்று சேர்க்கையின்போதே சொல்கிற பெற்றோர் உண்டு. விதிகள் ஒழுக்கத்தின் பெயரில் எழுதப்பட்டாலும், பாதுகாப்பது சாதியைத்தான் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பையனும் பெண்ணும் பேசக் கூடாது என்பது கொலைகாரர்கள் விதித்த விதி. அதைக் கல்லூரி தன் கையேட்டில் அச்சடிக்கலாமா? நான்கு வருஷம் வேறு வேறு ஊர், வேறு வேறு தெரு, வேறு வேறு சாதிப் பிள்ளைகள் ஒரே மேசையில் உட்கார்ந்து பழகுகிற வாய்ப்பு இந்த வட்டாரத்தில் வேறெங்கும் கிடைக்காது. அதை வீணாக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விதிகள் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இருப்பதைப் பற்றி நீதிமன்றங்கள் பேசத் தொடங்கிவிட்டன. 2022 இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் விடுதி நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், மருத்துவக் கல்லூரி விடுதிகளில் இருபாலருக்கும் ஒரே நேர விதி என்று அரசு ஆணை வந்தது. நாம் வழக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தூக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனித உடம்பின் கடிகாரம் வாழ்நாளிலேயே மிகவும் தாமதமாக ஓடுவது ஏறத்தாழ இருபது வயதில். இரவில் சீக்கிரம் தூக்கம் வராமல் காலையில் எழ முடியாமல் தவிப்பதில் இயற்கைக்கும் பங்கு உண்டு. செல்போனை மட்டும் திட்டிப் பயனில்லை. இந்த வயதுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரத் தூக்கம் தேவை. இரவு பதினொரு மணி வரை ஸ்டடி அவர் வைத்து, காலை ஐந்து மணிக்கு மணி அடித்து எழுப்புகிற விடுதிகள் இருக்கின்றன. ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கின மூளை, படித்ததை இருத்தி வைத்துக்கொள்ளத் தடுமாறும். அந்த ஐந்து மணி மணியை நிறுத்துங்கள்.

மன நோய்கள் பெரும்பாலும் தொடங்குகிற வயதும் இதுதான். வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் நான்கில் மூன்று பங்கு 24 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன என்பது 2005 இல் அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லர் குழு கண்டறிந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022 இல் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்களில், நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனத்தில் தகுதிபெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று இருக்கிறது. பல கல்லூரிகளில் ஆலோசகர் என்று போர்டு மாட்டியிருக்கும் அறையில் உட்கார்ந்திருப்பது டிசிப்ளின் கமிட்டி உறுப்பினர். அவரிடம் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? சொன்னது அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடும் என்று தெரிந்தபின் யார் சொல்வார்கள்? சிகிச்சை ரகசியத்தை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் உரிமையாகவே தந்திருக்கிறது. அரியர் விழுந்ததற்காக அப்பாவை வரவழைத்து, ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் அவரை நிற்க வைத்துப் பேசுகிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வந்து, கை கட்டி நிற்கிற அப்பாவைப் பார்த்த பிள்ளை அன்று இரவு என்ன நினைக்கிறான் என்று உங்களுக்குத் தெரியாது. அவனைக் காப்பாற்ற முயன்ற இரவுகளில் எனக்குத் தெரிந்திருக்கிறது. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, தமிழக அரசின் உதவி எண் 104 ஆகிய இரண்டையும் ஒவ்வொரு மாடியிலும், குளியலறைக் கதவுகளின் உள்பக்கத்திலும் ஒட்டுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. பெற்றோர் கேள்வி கேட்பார்கள், சேர்க்கை குறைந்துவிடுமோ என்ற கவலை இருக்கும். படிப்படியாகச் செய்யுங்கள். முதலாண்டுக்குச் சில வரம்புகள் இருக்கலாம், பதினேழு வயதில் வருகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து அவுட்பாஸை மாணவரே பதிவேட்டில் எழுதிவிட்டுப் போகட்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று எழுதினால் போதும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நேரம். தாமதமானால் ஃபைன் போடாமல் என்ன ஆயிற்று என்று விசாரியுங்கள். மெஸ் கமிட்டியை மாணவர்களே ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். காண்ட்ராக்டரின் மாதக் கணக்கை அவர்களிடம் காட்டுங்கள். இந்த மாதம் முட்டையா பாயசமா என்று பணத்தை வைத்து அவர்கள் சண்டை போட்டு முடிவெடுத்தால், அந்தச் சண்டை எந்த சாஃப்ட் ஸ்கில் வகுப்பையும்விட அதிகம் கற்றுத்தரும். முதலாண்டுச் சேர்க்கை நாளில் பெற்றோரையும் உட்கார வைத்து, உங்கள் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும்போது எந்தெந்த முடிவுகள் அவர் கைக்குப் போகும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெற்றோரில் பலர் உங்களைவிட வேகமாகப் புரிந்துகொள்வார்கள். தறி நெய்து, லாரி ஓட்டி, பிள்ளையைப் படிக்க வைக்கிற மனிதர்களில் பலர் பதினெட்டு வயதில் குடும்பப் பொறுப்பைத் தோளில் வாங்கினவர்கள்தான்.

என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். எந்தக் கல்லூரி கேட்டாலும் சனிக்கிழமை மதியங்களில் வந்து ஹீமோகுளோபின் பார்த்து, உணவு, தூக்கம், மாதவிடாய், மனநலம் பற்றி மாணவர்களோடு பேசுகிறேன். கட்டணம் வேண்டாம். இரண்டே நிபந்தனை. பேசும்போது அறையில் காப்பாளரோ ஆசிரியரோ இருக்கக் கூடாது. பரிசோதனை முடிவு மாணவரின் கையில் மட்டும்தான் போகும். அதை யாரிடம் காட்டுவது என்பதை அவரே முடிவு செய்வார். சம்மதம் என்றால் உங்கள் விடுதிப் பொறுப்பாளர் ஒருவரை என் மருத்துவமனைக்கு அனுப்புங்கள், தேதியை முடிவு செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு பொது மருத்துவர்,
நாமக்கல் மாவட்டம்